இழுப்பறையும் ஈரக்காற்றும்

ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டியை நுழைத்துவிட்டால் இழுப்பறை ஆகிவிடும் என்றுதான் நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் தவறு என்பதை ஒரு கார்த்திகை மாதத்து இரவு எனக்குக் கற்பித்தது.

எங்கள் வீடு சித்தூரில் உள்ளது. நான் படிப்பதோ திருப்பதியில், 1954இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில். ஒரு கோடை விடுமுறையில், மே மாத வெயிலில், பழைய தேக்குப் பலகைகளை இழைத்து, வீட்டுக்கு ஓர் அலமாரி செய்தேன். அதில் ஓர் அகலமான இழுப்பறையும் வைத்தேன். இடுக்கில் ஒரு தாள்கூட நுழையாது. 'எவ்வளவு கச்சிதம்!' என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அம்மா அதில் அப்பாவின் மருந்துகளை வைத்தார்கள்.

ஐப்பசி பிறந்தது, வடகிழக்குப் பருவமழையும் வந்தது. கார்த்திகையில் ஓர் இரவு அப்பாவுக்கு இளைப்புக் கண்டது. மூச்சுக்குழல் மருந்து இழுப்பறைக்குள் இருக்கிறது. அம்மா இழுத்தார்கள், வரவில்லை. நான் இழுத்தேன், ஒரு பக்கம் மட்டும் இரண்டு விரல் நகர்ந்து, கோணலாக நின்றுவிட்டது. கடைசியில் கடப்பாரையால் முகப்புப் பலகையைப் பெயர்த்துத்தான் மருந்தை எடுத்தோம். அப்பா பிழைத்துக்கொண்டார். என் கச்சிதம் பிழைக்கவில்லை!

மறுநாள் எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் முதிய ஆசாரியிடம் போனேன். தமிழில் ஆசாரி என்றும் தெலுங்கில் வட்ரங்கி என்றும் ஊரே அழைக்கும் பெரியவர் அவர். உடைந்த பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எப்போ தம்பி செஞ்சே?" என்று கேட்டார். "மே மாசம் ஐயா" என்றேன். "அப்போ மரம் பட்டினி கிடந்துச்சு. இப்போ தண்ணி குடிச்சிருக்கு. நீ அது வயிறு நிறைய இடமே விடலையே!" என்றார்.

அவர் சொன்னது முழுக்க முழுக்க விஞ்ஞானம். மரம் வெட்டுண்ட பின்னும் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. ஈரம் ஏறும்போது அது எல்லாத் திசையிலும் ஒரே அளவாகப் பருப்பதில்லை. நார் ஓடும் நீளத்தில் ஏறக்குறைய மாற்றமே இல்லை. நாருக்குக் குறுக்கே, அகலத்தில்தான் பருக்கிறது. அடங்கிய மரம் என்று பெயர் பெற்ற தேக்கிலேயே, ஈரம் ஒரு விழுக்காடு ஏறினால், சாதாரணமாக அறுத்த பலகையின் அகலம் ஏறத்தாழ 0.19 விழுக்காடு கூடும். மேக்கும் கார்த்திகைக்கும் இடையே ஈரம் 5 விழுக்காடு ஏறியதாகக் கொள்வோம். என் இழுப்பறையின் பக்கப் பலகை 150 மில்லிமீட்டர் உயரம், அது 1.4 மில்லிமீட்டர் உயர்ந்துவிடும். நான் விட்டிருந்த இடைவெளியோ அரை மில்லிமீட்டர். பின் எப்படி ஓடும்?

இதிலிருந்து முதல் விதி கிடைக்கிறது. இழுப்பறையின் குறுக்களவு முகப்புப் பலகையின் நீளத்தால் அமைவது, அது பருக்காது. ஆகவே இருபுறமும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி போதும். உயரமோ பலகையின் அகலத்தால் அமைவது, அது பருக்கும். ஆகவே மேலே 2 முதல் 3 மில்லிமீட்டர் வேண்டும். மழைக்காலத்தில் செய்தால் சற்றுக் குறைக்கலாம். கோடையில் செய்தால் குறைக்கவே கூடாது. வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகை கிடைத்தால் பருப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

அடுத்தது, இழுப்பறை ஓடும் சட்டம். ஆசாரிகள் இதை 'ரன்னர்' என்பார்கள். இன்று இரும்புக் கடைகளில் உருளைக் குண்டு வைத்த 'சானல்' கிடைக்கிறது. ஆனால் மரத்திலேயே செய்ய விரும்புவோர்க்கு மூன்று உறுப்புகள் வேண்டும். பாரத்தைத் தாங்குவது அடிச்சட்டம். இடம் வலம் போகாமல் காப்பது பக்கச்சட்டம். இழுப்பறையைப் பாதிக்கு மேல் வெளியே இழுக்கும்போது முன்புறம் தாழ்ந்து பின்புறம் தூக்குமல்லவா? அதைத் தடுப்பது மேற்சட்டம். என் அலமாரியில் மேற்சட்டமும் இழுப்பறையும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்தன.

சட்டத்தைப் பொருத்துவதிலும் நான் தவறியிருந்தேன். அலமாரியின் பக்கப் பலகையில் நார் மேலிருந்து கீழாக ஓடுகிறது. சட்டத்தில் முன்னிருந்து பின்னாக ஓடுகிறது. 400 மில்லிமீட்டர் ஆழமுள்ள பக்கப் பலகை அதே ஈரத்தில் ஏறத்தாழ 3.7 மில்லிமீட்டர் அகலும், சட்டமோ அசையாது. இரண்டையும் நெடுகப் பசை போட்டு ஒட்டினால் ஏதேனும் ஒன்று வெடிக்கத்தான் வேண்டும். சட்டத்தின் முன் முனையை மட்டும் இறுக்கிவிட்டு, பின் முனையில் திருகாணிக்கு நீள்துளை போட்டுவிட்டால், பலகை தன் விருப்பம்போல் அசைந்துகொள்ளும்.

இனி, கோணிக்கொண்டு நின்ற கதைக்கு வருவோம். என் இழுப்பறைக்கு இரண்டு குமிழ்கள். அவற்றின் இடைவெளி 50 சென்டிமீட்டர். அவசரத்தில் ஒன்றை மட்டும் இழுத்தால், இழுவிசை நடுக்கோட்டிலிருந்து 25 சென்டிமீட்டர் விலகி விழுகிறது. இழுப்பறை சாய்ந்து, எதிரெதிர் மூலைகளில் பக்கச்சட்டங்களை அழுத்துகிறது. அந்த அழுத்தமே உராய்வை வளர்க்கிறது. கணக்கு மிக எளியது: விலகலை உராய்வு எண்ணால் பெருக்கி இரட்டித்தால் வரும் நீளத்தைவிட, உள்ளே இருக்கும் நீளம் அதிகமாக இருக்கவேண்டும். உலர்ந்த மரத்தின்மேல் மரம் உராயும் எண்ணை 0.4 என்று கொண்டால், 20 சென்டிமீட்டர் வேண்டும். அதற்குக் குறைந்தால், பீமனே வந்து அந்த ஒரு குமிழை இழுத்தாலும் வராது; விசை கூடக்கூட உராய்வும் கூடும்! மெழுகுவர்த்தியைச் சட்டத்தில் தேய்த்து எண்ணை 0.2 ஆக்கினால் 10 சென்டிமீட்டரே போதும். நடுவில் ஒரே குமிழை வைத்தால் விலகலே இல்லை. சோப்பைத் தேய்ப்பாரும் உண்டு. அது ஈரத்தை இழுக்கும். மெழுகே நல்லது.

சட்டத்துக்கு எந்த மரம்? "சேஷாசல மலையின் செம்மரம் நீரில் மூழ்கும் அளவு கனமானதாமே, தேயாதே!" என்றேன். பெரியவர் முகம் மாறியது. "அந்தப் பேச்சே வேண்டாம் தம்பி" என்றார். காரணம் நாம் அறிந்ததே. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய அம்மரம் 1995 முதல் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. அதைக் கடத்துவோர் பொருட்டுக் கூலிக்குச் செல்லும் ஏழைகள் பலர். 2015 ஏப்ரல் 7 அன்று அக்காட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஓர் இழுப்பறை வழுக்கி ஓடுவதற்கு வேங்கை போதும். தேக்கின் துண்டே போதும்.

பெரியவர் பக்கத்தில் நின்று வழிகாட்ட, புது இழுப்பறை செய்தேன். வேங்கைச் சட்டம், மேலே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி, நடுவே ஒரே குமிழ், அடியில் மெழுகு. முன்பு தாள் நுழையாத இடத்தில் இப்போது ஒளி தெரிகிறது. முதலில் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த கார்த்திகையில் மழை கொட்டிய ஓர் இரவில் அப்பா இருமும் ஒலி கேட்டு எழுந்தேன். நான் எழுந்து போவதற்குள் இழுப்பறை திறந்து மூடிய மெல்லிய ஓசை கேட்டது. அம்மா ஒரு கையால் விளக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மருந்தை எடுத்திருந்தார்கள். பொருந்துவது என்பது நெருக்கிக்கொண்டு நிற்பது அன்று; மழைக்கும் வெயிலுக்கும் இடம் விட்டு நிற்பது என்பதை அன்று உணர்ந்தேன். மரவேலையில் இறங்கும் நண்பர்கள் அளவுகோலை எடுக்கும் முன், நாட்காட்டியை ஒருமுறை பார்த்துக்கொள்வார்களாக!