கரியாஹாட் முழக்கங்களுக்கு அப்பால்: மீண்டு வருவோருக்குத் துணை யார்?

கொல்கத்தா: மேம்பாலத்துக்குக் கீழே நடைபாதைக் கடைகளும் சேலைக் கடைகளும் நெருக்கியடித்து நிற்கும் தென் கொல்கத்தாவின் கரியாஹாட் நாற்சந்தி, போராட்டங்களுக்குப் புதியதல்ல. 2025 ஜூன் 28ஆம் தேதி, அப்போது மத்திய இணை அமைச்சராகவும் மாநில பாஜக தலைவராகவும் இருந்த சுகாந்த மஜும்தாரை போலீஸார் அங்கே தடுத்து வேனில் ஏற்றினர். அவரும் கட்சியினரும் செல்ல முயன்றது அருகிலுள்ள கஸ்பாவுக்கு. அங்குள்ள தெற்கு கல்கத்தா சட்டக் கல்லூரி வளாகத்துக்குள், ஜூன் 25ஆம் தேதி தான் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாக மாணவி ஒருவர் புகார் அளித்திருந்தார்.

அன்றைய ஆளும் கட்சியான திரிணமூல் காங்கிரஸின் மாணவர் அமைப்போடு குற்றம்சாட்டப்பட்டவருக்கு இருந்த தொடர்பு பற்றியே அடுத்த சில நாள்கள் விவாதம் நடந்தது. அந்த மாணவி தனியாகப் போகாமல் இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது என்ற பொருளில் பேசிய திரிணமூல் எம்எல்ஏ மதன் மித்ராவுக்கு, அவரது கட்சியே விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. எந்தக் கொடி உயர்ந்தது, எது தாழ்ந்தது என்ற கணக்கில், புகார் அளித்த பெண் அன்றிரவு எப்படித் தூங்கினார் என்று கேட்டவர்கள் குறைவு.

கொல்கத்தாவுக்கு இது பழகிய காட்சி. 2012 பிப்ரவரியில் பார்க் ஸ்ட்ரீட் கேளிக்கை விடுதியிலிருந்து வெளியே வந்த, இரு பெண் குழந்தைகளின் தாயான 37 வயதுப் பெண், ஓடும் காரில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டு வீதியில் தள்ளப்பட்டார். மூன்று நாள் கழித்துக் காவல் நிலையம் சென்றபோது தன்னைக் கேலி செய்தார்கள் என்பது அவரது குற்றச்சாட்டு. முதல்வராக இருந்த மம்தா பானர்ஜி, அது அரசுக்குக் களங்கம் விளைவிக்கப் புனையப்பட்ட சம்பவம் என்றார். இரண்டு குழந்தைகளின் தாய்க்கு நள்ளிரவில் விடுதியில் என்ன வேலை என்று கேட்டவர், அப்போது அமைச்சராக இருந்த அதே மதன் மித்ரா. குற்றம் நடந்தது உண்மையே எனப் புலனாய்வில் நிறுவிய குற்றப்பிரிவு இணை ஆணையர் தமயந்தி சென், சில வாரங்களில் அப்பதவியிலிருந்து மாற்றப்பட்டார்.

ஓராண்டுக்கு மேல் அந்தப் பெண்ணுக்கு ஊடகங்களில் பெயர் இல்லை. 'பார்க் ஸ்ட்ரீட் பெண்' மட்டுமே. 2013 ஜூனில், காம்துனி கிராமத்தில் கல்லூரி மாணவி ஒருவர் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டதை எதிர்த்து மாநிலம் கொந்தளித்தபோது, தன் முகத்தையும் சுசெட் ஜோர்டான் என்ற பெயரையும் அவரே வெளிப்படுத்தினார். குற்றம் செய்யாத தான் எதற்காக ஒளிய வேண்டும் என்பதே அவரது கேள்வி. பின்னர், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான தொலைபேசி உதவி மையத்தில் ஆலோசகராகப் பணியாற்றினார். காவல் நிலையத்தில் தனக்குக் கிடைக்காத ஒன்றை, தன்னை நம்பிக் கேட்கும் ஒரு செவியை, முகம் தெரியாத பெண்களுக்கு அவர் அளித்தார்.

ஆனாலும் நகரம் அவரை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. 2014இல் உணவகம் ஒன்று, பார்க் ஸ்ட்ரீட் வழக்கின் பெண் என்பதாலேயே தன்னை உள்ளே அனுமதிக்கவில்லை என அவர் குற்றம்சாட்டினார். 2015 மார்ச் 13ஆம் தேதி மூளைக்காய்ச்சலால் காலமானார். மூவரைக் குற்றவாளிகள் என நீதிமன்றம் அறிவித்ததோ அதே ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி. ஒன்பது மாதத் தாமதம். தலைமறைவாக இருந்த, முதன்மையாகக் குற்றம்சாட்டப்பட்டவர் பிடிபட மேலும் ஒன்பது மாதங்களுக்கு மேல் ஆயிற்று.

பெயரை வெளியிடுவதுதான் துணிவு, மறைப்பது கோழைத்தனம் என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அடையாளத்தை வெளியிடுவோரைத் தண்டிக்கும் சட்டப் பிரிவு (பாரதிய நியாய சன்ஹிதா 72) அந்தப் பெண்ணின் விருப்பத்துக்கே காவல் நிற்கிறது. பேசுவதா, எப்போது, யாரிடம் என்று தீர்மானிப்பது அவரது உரிமை. வன்கொடுமையில் பறிக்கப்படுவது தன் உடல் மீதான அந்தத் தீர்மானம்தான் என்பதால், அது திரும்பக் கைக்கு வருவதிலிருந்தே மீட்சி தொடங்குகிறது என்கின்றனர் மனநல வல்லுநர்கள். தமிழ் நாளிதழ்கள் நெடுங்காலம் பயன்படுத்திய 'கற்பழிப்பு' என்ற சொல்லோ, இழப்பையும் அவமானத்தையும் பெண்ணின் தலையிலேயே கட்டியது.

ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை, ஏன் அன்றே சொல்லவில்லை என்ற கேள்விகள் விசாரணை அறையில் மட்டுமல்ல, வீட்டுக் கூடத்திலும் கேட்கப்படுகின்றன. பேரச்சத்தில் உடல் உறைந்து அசைவற்றுப் போவது மருத்துவம் அறிந்த எதிர்வினை. நினைவு துண்டு துண்டாகப் பதிவதும் அப்படியே. தேசியக் குற்றப் பதிவேட்டுப் புள்ளிவிவரங்களின்படி, பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் குற்றம்சாட்டப்படுபவர் அப்பெண்ணுக்குத் தெரிந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தாமதமான புகாரின் காரணம் விளங்கும். முதலில் காதுகொடுத்துக் கேட்பது, நம்புவதை உணர்த்துவது, பாதுகாப்பை உறுதிசெய்வது, விவரங்களைச் சொல்லும்படி வற்புறுத்தாமல் இருப்பது: உலக சுகாதார நிறுவனம் முதல்நிலை உதவியாக வகுத்திருப்பது இவ்வளவே. இதற்குப் பட்டம் தேவையில்லை. தாயோ தோழியோ செய்யக்கூடியது.

காகிதத்தில் ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை. அரசு, தனியார் என எந்த மருத்துவமனையும் இலவசமாக, உடனடியாகச் சிகிச்சை அளித்தாக வேண்டும். மறுத்தால் சிறைத் தண்டனை உண்டு. சிகிச்சைக்குப் போலீஸ் புகார் முன்நிபந்தனை அல்ல என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள் கூறுகின்றன. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள்ளும், கருத்தடை மாத்திரையை ஐந்து நாள்களுக்குள்ளும் தொடங்க வேண்டும் என்பதால், முதல் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் பெண் இழப்பது வெறும் நேரமல்ல. 'இரு விரல்' பரிசோதனை கூடாது என்று 2013இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2022இல் மீண்டும் சொல்ல நேர்ந்தது. நடைமுறை எந்த நிலையில் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆர்.ஜி. கர் மருத்துவமனைப் பயிற்சி மருத்துவர் 2024 ஆகஸ்ட் 9ஆம் தேதி கொல்லப்பட்ட பின், செப்டம்பர் 8ஆம் தேதி 40க்கும் மேற்பட்ட பள்ளிகளின் முன்னாள் மாணவ, மாணவியர் கரியாஹாட்டிலிருந்து ராஷ்பிஹாரி அவென்யூ வழியே பேரணி சென்றனர். அதற்கு ஐந்து நாள்கள் முன்பு சட்டப்பேரவை நிறைவேற்றிய 'அபராஜிதா' மசோதா, மரண தண்டனையையும் 21 நாள்களில் புலனாய்வையும் முன்வைத்தது. தண்டனைக்குக் கெடு விதிக்கலாம். ஆறு மாதம் கழித்தும் லிஃப்ட்டில் ஏறத் தயங்கும் பெண்ணுக்கு எந்தக் கெடுவும் பொருந்தாது.

அந்த நீண்ட காலத்தில் உடன் நிற்பவை பெரும்பாலும் சிறு அமைப்புகளே. கரியாஹாட்டை அடுத்த பாலிகஞ்ச் பகுதியில் வேர்கொண்ட 'ஸ்வயம்' 1995இல் தொடங்கப்பட்டது. குடும்ப வன்முறையே முதன்மைக் களம் என்றாலும், ஆற்றுப்படுத்துதல், சட்ட உதவி, ஒரே அனுபவம் கொண்ட பெண்கள் கூடிப் பேசும் குழு ஆகியவற்றை ஒரே இடத்தில் சேர்த்தது அதன் சிறப்பு. 2004இல் சோஹினி சக்ரவர்த்தி நிறுவிய 'கொல்கத்தா சன்வேத்' வேறு வழியில் சென்றது. ஆள்கடத்தலிலிருந்தும் பாலியல் வன்முறையிலிருந்தும் மீண்ட பெண்களுக்கு அது நடன அசைவு வழியே சிகிச்சை அளிக்கிறது. வாய்விட்டுச் சொல்ல இயலாதவர்களும் உடலால் தொடங்கலாம். வெறுக்கக் கற்ற உடலோடு மறுபடி பழகலாம். அவ்வாறு மீண்ட பெண்களில் சிலர் அங்கேயே பயிற்றுநர்களாயினர்.

தமிழகமும் இப்பாடத்தைக் கசப்பாகவே கற்றது. 2019இல் பொள்ளாச்சி வழக்கில் புகார் அளித்த பெண்ணின் பெயரைக் காவல் துறையே வெளியிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் ரூ.25 லட்சம் இடைக்கால இழப்பீட்டோடு நிற்காமல், மாணவியிடம் கட்டணம் பெறாமல் படிப்பைத் தொடரச் செய்யவும் மனநல ஆலோசனை வழங்கவும் பல்கலைக்கழகத்துக்கு உத்தரவிட்டது. பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13ஆம் தேதி ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை விதித்த கோவை மகளிர் நீதிமன்றம், எட்டுப் பெண்களுக்கு ரூ.85 லட்சம் வழங்கவும் ஆணையிட்டது.

இழப்பீடு பெற, வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுத் திட்டப்படி, பாலியல் வன்கொடுமைக்கு ரூ.4 லட்சம் முதல் 7 லட்சம் வரை நிர்ணயிக்கப்பட்டுள்ளது. இடைக்கால உதவிக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். அவசர உதவிக்கு மகளிர் உதவி எண் 181, சட்ட உதவிக்கு 15100, மனநல ஆலோசனைக்கு 14416.