கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடுமா?

கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு மூன்று வயது வரை பேச்சு சரியாக வரவில்லை. வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களை எடுத்து, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை வரிசையாக வைப்பான். கேட்ட பண்டம் கிடைக்காவிட்டால் மண்ணில் புரளுவான்.

அவர்தான் கணித மேதை ராமானுஜன்!

1904-ல் உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் கருத்துச் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உபகாரச் சம்பளம் போயிற்று. மறு வருஷம் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். பின்னாளில் கேம்பிரிட்ஜில், தாம் அழைத்த விருந்தினர் "போதும்" என்றதும், பேசாமல் எழுந்து ஆக்ஸ்போர்டுக்குப் போய்விட்டார்!

இவற்றைக் கொண்டு, அவருக்கு 'ஆட்டிசம்' இருந்திருக்கலாம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். மறைந்தவரைச் சோதித்து முடிவு கட்ட முடியாது. அவர் காலமான 1920-ல் வைத்தியர்கள் இந்த நிலையைத் தனியாகப் பிரித்து அறிந்திருக்கவும் இல்லை. லியோ கானர் என்ற டாக்டர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியது 1943-ல்தான்.

அடையாளங்கள் என்ன?

இன்று பெயர் தெரியும். ஆனாலும் காவிரிக் கரைக் கிராமங்களில், இருபது வயதாகியும் யாரும் புரிந்துகொள்ளாத பிள்ளைகள் உண்டு.

கல்யாண வீட்டில் தவில் முழங்கினால் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் போய்விடுவான். முகம் பார்த்துப் பேச மாட்டான். கேலியை நிஜமென்று எடுத்துக்கொள்வான். "வயலைப் பார்த்துவிட்டு வா" என்றால், பார்த்துவிட்டு வந்துவிடுவான். மடை உடைந்திருந்தாலும் அடைக்கத் தோன்றாது. உண்ணும் தட்டும் போகும் வழியும் மாறக் கூடாது. பிடித்த விஷயம் ஒன்றைப் பற்றி மட்டும் மணிக்கணக்கில் பேசுவான். பெண்கள் பலர் பிறரைப் பார்த்து நடித்துச் சமாளிப்பதால், வெளியே தெரிவதே இல்லை.

இவற்றில் ஒன்றிரண்டு இருந்தால் கூச்ச சுபாவமாகவும் இருக்கலாம். பல சேர்ந்து, சிறு வயது முதலே தொடர்ந்து, அன்றாட வாழ்வுக்கு இடைஞ்சலாகவும் இருந்தால் கவனிக்க வேண்டும்.

எது ஆபத்து?

ஊரார் திமிர் என்பார்கள், மந்தம் என்பார்கள். கடைசியில் "ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்" என்று பெண் பார்க்கக் கிளம்புவார்கள். ஆட்டிசம் கல்யாணத்தால் மாறுவதல்ல. மூளை பிறவியிலேயே வேறு விதமாக அமைந்த நிலை அது. பெற்றோர் வளர்ப்பின் குற்றமும் அல்ல. உண்மையை மறைத்து மணம் முடித்தால் இரண்டு உயிர்கள் தவிக்கும். எல்லாம் தெரிந்து இருவரும் சம்மதித்துச் செய்துகொள்வது வேறு விஷயம்.

முதலில் மனநல டாக்டரிடம் காட்ட வேண்டும். தாயாரும் உடன் செல்வது நல்லது. குழந்தைப் பருவ விவரங்களை டாக்டர் கேட்பார். ஆட்டிசத்தைப் போக்க மருந்து இல்லை. ஆனால் கூடவே வரும் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் சிகிச்சை உண்டு. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

ஆட்டிசம் உள்ளவரெல்லாம் ராமானுஜன் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் அவருக்கு மாதம் 30 ரூபாய்க்கு ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தது. அவர் சுபாவத்தைப் புரிந்துகொண்ட மேலதிகாரிகளும் அங்கே இருந்தார்கள். எந்தப் பிள்ளைக்கும் முதலில் வேண்டியது அதுதான்.