‘ஆமா’ விழுங்கிய ‘ஆம்’

சென்னை–அரக்கோணம் ரயில் பாதை ஓரத்து ஊர் மணவூர். மின்சார ரயில், விரைவு ரயில், சரக்கு ரயில் என்று ஏதாவது ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே கடந்துபோகும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்துதான் நான் பாட்காஸ்ட் எடிட் செய்கிறேன்.

அண்மையில் கைக்கு வந்த பேச்சு, காரைக்கால் அம்மையாரைப் பற்றியது. அம்மையார் வந்து தங்கிய திருவாலங்காடு எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன். எங்களூர்ப் பெரியவர் ஒருவர் பேச, சென்னையிலிருந்து ஒரு தம்பி கேள்வி கேட்டார். “இந்த மண்ணக் காலால மிதிக்கக் கூடாதுன்னு, தலையாலயே நடந்து வந்தாங்களாம்” என்றார் பெரியவர். அந்தக் கடைசி ‘ளாம்’ வாயிலிருந்து வரும்போதே எதிர்முனையில் “ஆமாங்கய்யா” விழுந்துவிட்டது. இரண்டு குரலும் ஒரே டிராக்கில் பதிவாகியிருந்தால் காதில் விழுவது ‘வந்தாங்க’ வரைதான். வழிவழியாகக் கேட்ட கதையைச் சொன்னவர், நேரில் பார்த்ததைச் சொன்னவர் ஆகிவிடுவார்.

தமிழில் இது அடிக்கடி நடக்கும். நம் வாக்கியத்தின் உயிர் கடைசியில் இருக்கிறது. வினைச்சொல் கடைசியில், ‘இல்லை’ கடைசியில், கேள்விப்பட்டது என்று காட்டும் ‘ஆம்’ கடைசியில். எதிரில் இருப்பவர் உம் கொட்டுவதும் சரியாக அந்த இடத்தில்தான். உம் கொட்டுவது நம்மிடம் மரியாதை. அதை நிறுத்தச் சொன்னால் பேசுபவருக்குப் பேச்சே ஓடாது. ஆளுக்கொரு டிராக் வைத்துப் பதிவு செய்வது தமிழ்ப் பேச்சுக்கு அவசியம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

செய்முறை எளிது. இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள். அந்த அழைப்பு கேட்பதற்கு மட்டும். அவரவர் குரலை அவரவர் பக்கத்திலேயே இன்னொரு கருவி பதிவு செய்கிறது. நெட்வொர்க் திணறி அழைப்பில் குரல் உடைந்தாலும், பதிவில் குரல் முழுசாக இருக்கும். இருவரும் ஹெட்போன் போட்டே ஆகவேண்டும். இல்லாவிட்டால் ஸ்பீக்கரிலிருந்து வரும் தம்பியின் குரலும் பெரியவரின் மைக்கில் ஏறிவிடும். பிறகு இரண்டு டிராக்கையும் சேர்த்து ஓட்டினால் தம்பியின் குரல் சற்று முன்பின்னாக இரண்டு முறை கேட்கும், குடத்துக்குள் பேசுவதுபோல.

இரண்டு டிராக்கையும் நேர்ப்படுத்த ஒரு கைதட்டல் போதும். அழைப்பிலேயே ஒருவர் “ஒண்ணு, ரெண்டு, மூணு” சொல்ல, இருவரும் சேர்ந்து தட்டுவார்கள். திரையில் அலைவடிவம் ஊசிபோல் நிமிரும். ஊசியோடு ஊசியைச் சேர்த்தால் ஏறக்குறைய சரியாகிவிடும். விரல் நொடிக்கும் நேரத்தையும் கண்ணிமைக்கும் நேரத்தையும் வைத்து மாத்திரையைச் சொன்னது தொல்காப்பியம். அந்த நொடி இன்றும் எங்கள் அளவுகோல்.

பேச்சு முடிந்ததும் இன்னொரு முறை தட்டச் சொல்வேன். கருவிகளுக்குள் இருக்கும் கடிகாரப் படிகங்கள் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வித்தியாசம் என்றால் ஒரு மணி நேரத்தில் 0.18 வினாடி விலகல். நகைச்சுவை முடியும் முன்பே சிரிப்பு வந்துவிட அது போதும். கடைசித் தட்டல் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, ஒரு டிராக்கை மயிரிழை நீட்டி அல்லது குறுக்கிச் சரிசெய்யலாம்.

வானொலியில் ஒரே டேப்பை பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டிய காலம் உண்டு. வினாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் டேப்பில் ஒரு இருமல் சில அங்குலம். அதன்மேல் யாராவது பேசியிருந்தால், வெட்டும்போது பேச்சும் போகும். குரல்களைப் பிரித்து வைக்கும் வழி இசைக்காரர்களால் வந்தது. அமெரிக்க கிடார் கலைஞர் லெஸ் பாலுக்காக ஆம்பெக்ஸ் நிறுவனம் 1957இல் எட்டு டிராக் கருவி செய்து கொடுத்தது. இன்று ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளிலேயே அதைவிட அதிக டிராக் போடலாம்.

இதில் புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம் ஒன்று. அமைதியாக்குவது வேறு, நீக்குவது வேறு. தம்பி பேசும்போது பெரியவர் இருமினால் பெரியவரின் டிராக்கில் அந்தத் துண்டை மட்டும் அமைதியாக்க வேண்டும், நேரம் குறையாது. தேவையில்லாத பேச்சையே எடுப்பதென்றால் எல்லா டிராக்கிலும் ஒரே அளவு வெட்ட வேண்டும். ஒன்றில் மட்டும் வெட்டினால் அதற்குப் பின்னால் கேள்வி ஒரு பக்கம், பதில் ஒரு பக்கம்.

அமைதியாக்கும்போது ஃபேன் சத்தமும் சேர்ந்து அறுந்துபோகும். குரல் கிணற்றில் விழுந்து எழுந்ததுபோல் இருக்கும். அதனால் பேசத் தொடங்கும் முன் அரை நிமிடம் யாரும் பேசாமல் அறையை மட்டும் பதிவு செய்யச் சொல்வேன். அந்த வெற்றுச் சத்தத்தைத் துளைகளில் போட்டு நிரப்பலாம்.

இடைவெளிகளைத் தானாக வெட்டும் வசதி மென்பொருள்களில் இருக்கிறது. தமிழுக்கு அதைக் கவனமாக விடவேண்டும். ‘பாட்டு’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ‘ட்’டில் நாக்கு ஒட்டியிருக்கும் கணம், பேச்சே இல்லாத மௌனம். அந்த மௌனம்தான் பாட்டைப் ‘பாடு’ ஆகாமல் காக்கிறது. அளவைக் கொஞ்சம் இறுக்கி வைத்துவிட்டால் எந்திரம் அதையும் வெற்றிடம் என்று கத்தரித்துவிடும். நான் ஒவ்வொரு வெட்டையும் காதால் கேட்ட பிறகே வைக்கிறேன். மூச்சையும் எல்லா இடத்திலும் எடுப்பதில்லை. மூச்சு விடாமல் பேசும் பெரியவரை யார் நம்புவார்கள்?

ரயில் ஹாரன் பெரியவரின் டிராக்கில் மட்டுமே ஏறியிருந்தது. தம்பி பேசிய இடங்களில் அதை அமைதியாக்கினேன். பெரியவர் வாக்கியத்தின் மேலேயே ஒலித்த ஒரே ஒரு ஹாரனை விட்டுவிட்டேன். ‘ஆமாங்கய்யா’வையும் அழிக்கவில்லை. தம்பியின் டிராக்கில் அதை மட்டும் பிடித்து அரை வினாடி தள்ளி வைத்தேன். இப்போது ‘வந்தாங்களாம்’ முழுசாகக் கேட்கிறது, அதன் பின்னால், “ஆமாங்கய்யா.”