தங்கவயலில் அவசர சிகிச்சை: அன்றும் இன்றும்

ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் தோண்டத் தொடங்கிய கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் இறுக்கம் தாங்காமல் பாறை வெடிக்கும், ஏர்பிளாஸ்ட் என்பார்கள். நசுங்கியவரைக் கூண்டில் மேலே கொண்டுவந்துவிட்டால் கம்பெனி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தது. அங்கே டாக்டர் செய்வது சரிதானா என்று சொல்லத்தான் எதுவும் இல்லை. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து மருந்தைச் சோதிக்கும் வழக்கம் 1948இன் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வுக்குப் பிறகே பரவியது. அதுவரை பெரிய டாக்டர் சொன்னதே சட்டம்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். ஆஸ்பத்திரியும் அதோடு போயிற்று. 2021இல், கொரோனா இரண்டாம் அலையின்போது, அதைக் கூட்டிப் பெருக்கித் திறக்கவேண்டி வந்தது. இன்று பெரிய காயமென்றால் கோலார் நகருக்கு ஓட வேண்டும், அல்லது நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள பெங்களூருக்கு.

ஆனால் இன்று ஆய்வுக்குப் பஞ்சமில்லை. 2010இல் வெளியான கிராஷ்-2 ஆய்வில் 40 நாடுகளின் 20,211 காயம்பட்டவர்கள் இருந்தார்கள். இந்திய ஆஸ்பத்திரிகளும் பங்கேற்றன. ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் டிரானெக்சாமிக் அமிலம் பெற்றவர்களில் 14.5 சதவீதம் பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 16 சதவீதம். ஏறத்தாழ 67 பேருக்குப் போட்டால் ஓர் உயிர். மலிவான மருந்துக்கு இது நல்ல கணக்கு. அடுத்த ஆண்டு அதே தரவை நேரவாரியாகப் பிரித்தபோதுதான் மறுபக்கம் தெரிந்தது: மூன்று மணி நேரம் கடந்து போட்டால் ரத்தப்போக்கால் சாவது கூடுகிறது. முதல் கட்டுரையின் சுருக்கத்தோடு நிறுத்திக்கொண்ட டாக்டர், தாமதமாக வந்தவருக்கும் ஊசி போட்டிருப்பார். தொலைவில் ஆஸ்பத்திரி உள்ள ஊருக்கு அந்த மூன்று மணி நேரம்தான் முக்கியம்.

காயத்தைவிட நுரையீரல்தான் தங்கவயலின் பழைய கதை. 1940களில் 7,500க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது ஐந்தில் இருவருக்கு மேல் பாறைத்தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் இருந்தது. பயங்கரமான எண், ஆனால் அதையும் கேள்வி கேட்டுத்தான் படிக்க வேண்டும். வேலை செய்யத் தெம்பு இருந்தவர்களைத்தானே எண்ண முடிந்திருக்கும்? இருமி இருமி முடியாமல் வட ஆற்காட்டுக்கும் சேலத்துக்கும் திரும்பிப்போனவர்கள் அந்தக் கணக்கில் எப்படி வருவார்கள்? உண்மை அதைவிட மோசமாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

மூச்சுத் திணறினால் ஆக்சிஜன், எவ்வளவு கொடுத்தாலும் நல்லது என்பது அன்றைய பாடம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ் ஊழியர்களே 405 பேரிடம் அதைச் சோதித்த ஆய்வு 2010இல் வெளியானது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கலாம் என்று கருதப்பட்டவர்கள் அவர்கள். ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்த பிரிவில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்துக்கும் 92 சதவீதத்துக்கும் இடையில் நிற்கும்படி அளந்து கொடுத்த பிரிவில் 4 சதவீதம். இரண்டிலும் சேர்த்து இறந்தவர்கள் 28 பேர்தான். இவ்வளவு சின்ன எண்ணை நம்பி வழக்கத்தை மாற்றலாமா என்று யாரும் கேட்கலாம். அளந்து கொடுக்கவேண்டிய பிரிவிலேயே பலருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அது வித்தியாசத்தைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டாது.

அப்படியும் ஒரு சிக்கல் மிச்சம். அந்த 405 பேர் ஆராயப்பட்டது அடைப்பு நோய்க்காக. பாறைத்தூசியை விழுங்கிய நுரையீரலுக்காக அல்ல. சிலிகோசிஸ் வந்த பலருக்கு அடைப்பு நோயும் சேர்ந்தே இருக்கும், ஆனால் எல்லோருக்கும் இருக்காது. கம்பெனி டாக்டருக்கு இந்த ஆய்வு கிடைக்கவில்லை. ஆனால் எதிரே படுத்திருப்பவர் எந்த ஷாஃப்ட்டில் எத்தனை வருஷம் இறங்கினார் என்பதைப் பதிவேட்டைப் புரட்டினால் பார்த்துவிட்டிருக்கலாம். இன்று, 2008இல் கர்நாடகத்துக்கு வந்த 108 ஆம்புலன்ஸில், தங்கவயலின் மாரிகுப்பத்தில் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து நள்ளிரவில் ஒரு முதியவரை ஏற்றுகிற ஊழியர் கையில் ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் விரல்நுனி மானி இருக்கிறது, ஆக்சிஜன் உருளை இருக்கிறது. பெரியவர் சுரங்கத்தில் வேலை பார்த்தாரா, ட்ரில் பிடித்தாரா, எத்தனை வருஷம் என்பதைக் கூட வரும் மகனிடமோ மருமகளிடமோ அந்த ஊழியர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.