கட்டவா, காட்டவா?

சென்ற நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலுவுக்காக நாற்பது தாம்பூலப் பைகள் தயார் செய்தோம். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி, ஒரு தேங்காய். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மை வாங்கப் போனபோதே துணிப்பைகளையும் வாங்கி வந்திருந்தோம். பளபளக்கும் சிவப்பு சாட்டின் ரிப்பனால் ஒவ்வொரு பையின் வாயையும் பூப்போல முடிந்து அடுக்கினாள் அக்கா. சாயங்காலம் விளக்கேற்றுவதற்குள் பாதிக்கு மேல் நெகிழ்ந்து அவிழ்ந்துவிட்டன. உள்ளே இருந்த தேங்காய் பை வாயை விரிக்க, ரிப்பன் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டே வந்திருக்கிறது.

மறுநாள் தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு சின்னக் கடையில் வேறு ரிப்பன் கேட்டேன். கடைக்காரர் என்ன நிறம், என்ன அகலம் என்று கேட்கவில்லை. “கட்றதுக்கா மேடம், காட்றதுக்கா?” என்றார்.

ரிப்பனைப் பற்றிய இயற்பியல் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. பெரும்பாலும் நாம் நிறத்தை முதலில் பார்க்கிறோம். நிறம் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

சாட்டின் என்பது நூலின் பெயரல்ல, நெசவின் பெயர். சாதாரண நெசவில் பாவு நூல் ஓர் ஊடை நூலுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று மாறி மாறிப் போகும். சாட்டினில் பாவு நூல் நான்கு ஊடை நூல்களைத் தாண்டி மேலாகவே மிதந்து வந்து, ஐந்தாவதுக்குத்தான் கீழே இறங்கும். சில வகைகளில் ஏழைத் தாண்டி எட்டாவதில் இறங்கும். நீளமாக மிதக்கும் இந்த நூல்கள் அருகருகே ஒரே திசையில் படுத்திருப்பதால் ஒளி சிதறாமல் ஒரு பக்கமாகத் திரும்புகிறது. அதுதான் பளபளப்பு. வழுக்கலுக்கும் அதே காரணம்: நூல்கள் மேலும் கீழுமாகப் பின்னும் இடங்கள் குறைவு, உரசிப் பிடிக்க மேடு பள்ளம் இல்லை. போதாக்குறைக்கு, இன்று கடையில் கிடைக்கும் சாட்டின் பெரும்பாலும் பாலியெஸ்டர். அதன் இழை அறுபடாமல் நீண்டு போகும். பருத்தி நூலோ சிறு சிறு இழைகளை முறுக்கிச் செய்தது. அதன் முனைகள் ரோமம்போல வெளியே நீட்டிக்கொண்டு ஒன்றையொன்று கவ்வும்.

முடிச்சு நிற்பது உராய்வால் மட்டுமே. ஒரு தூணைச் சுற்றிய கயிறு எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்பதற்குக் கணிதமேதை ஆய்லரின் பெயரால் ஒரு சூத்திரம் உண்டு. உராய்வுக் கெழு 0.2 என்றால், ஒரு முழுச் சுற்று, நுனியில் நாம் பிடிக்கும் விசையைப்போல் மூன்றரை மடங்கு இழுவையைத் தாங்கும். கெழு 0.4 ஆனால் ஏழு மடங்கு ஆகுமென்று நினைப்போம். ஆவது பன்னிரண்டு மடங்குக்கு மேல். உராய்வு இரு மடங்கானால் பிடிப்பு வர்க்கமாகப் பெருகுகிறது. இதில் நமக்கு ஒரு வழியும் இருக்கிறது. வழுக்கும் ரிப்பனையே ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினால் அதே பன்னிரண்டு மடங்கு கிடைத்துவிடும். சாட்டின்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் முதல் முடிச்சில் ஒரு முறைக்கு இரு முறை உள்ளே நுழைத்து இழுங்கள். ஒருபக்கம் மட்டும் பளபளக்கும் வகையாக இருந்தால், மங்கலான பக்கம் உள்ளே ஒன்றோடொன்று உரசும்படி கட்டுங்கள்.

முடிச்சின் திசையும் முக்கியம். காலையில் ரெட்டைச் சடை மடித்துக் கட்டி அனுப்பிய பெண் குழந்தை, மாலையில் ஒரு பக்க ரிப்பனைக் கையில் பிடித்துக்கொண்டு வருவது எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. “ஒழுங்கா கட்டலையாம்மா?” என்று அவள் கேட்பாள். முதல் முடிச்சில் வலது நுனியை இடதின் மேல் போட்டால், கண்ணி வைக்கும் இரண்டாவது முடிச்சில் இடதை வலதின் மேல் போட வேண்டும். இரண்டையும் ஒரே பக்கமாகப் போட்டால் பார்க்கப் பூப்போலத்தான் இருக்கும், ஆனால் முடிச்சு முறுக்கிக்கொண்டு தளரும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காலணிக் கயிறு ஏன் அவிழ்கிறது என்று ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். தரையில் கால் மோதும் அதிர்ச்சி முடிச்சைத் தளர்த்துகிறது, வீசியாடும் நுனிகள் அதை இழுத்து அவிழ்க்கின்றன என்பது அவர்கள் கண்டது. ஒரே பக்கமாகப் போட்ட முடிச்சு மற்றதைவிட வெகு சீக்கிரம் தோற்றது. ஓடியாடும் குழந்தையின் சடையிலும் அதிர்ச்சி உண்டு, வீசியாடும் நுனிகளும் உண்டு. கட்டி முடித்ததும் பாருங்கள்: கண்ணிகள் சடைக்குக் குறுக்கே நேராகப் படுத்திருந்தால் சரி. சடையோடு சேர்ந்து மேலும் கீழுமாகத் திரும்பி நின்றால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள்.

இனி, காட்டுவதற்கான ரிப்பன். பெரிய கண்ணி ஏன் தொங்கிப் போகிறது? ரிப்பனின் விறைப்பு அதன் தடிமனின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. தடிமன் இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. அதேபோல, கண்ணியை இரு மடங்கு பெரிதாக்கினால் அது தன் எடையாலேயே பல மடங்கு தொய்ந்துவிடும். கல்யாணக் காரின் முன்பக்கப் பூவுக்குக் கம்பி வைத்த ரிப்பன் அதனால்தான். அதையும் பெசன்ட் நகர்க் கடற்காற்றில் நாள்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். இரும்புக் கம்பியானால் துருவேறித் துணியைக் கறையாக்கும்.

பரிசுப் பெட்டியின் மேல் கொத்தாகத் தொங்கும் சுருளுக்கு நெசவே கிடையாது, அது வெறும் பிளாஸ்டிக் பட்டை. கத்தரிக்கோல் விளிம்பில் வைத்து இழுத்தால் சுருண்டுகொள்ளும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் சகாக்களும் இதை முறையாக ஆராய்ந்து 2016-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் எழுதினார்கள். விளிம்பில் வளையும்போது பட்டையின் வெளிப்புறம் உட்புறத்தைவிட அதிகமாக நீள்கிறது, அந்த நீட்சி திரும்பாமல் தங்கிவிடுகிறது. வேகமாக விருட்டென்று இழுத்தால் சுருள் தளர்வாகத்தான் வரும்; பிளாஸ்டிக்குக்கு இடம் கொடுத்து மெதுவாக இழுத்தால் இறுக்கமாக வரும். பலமாக இழுத்தால் இன்னும் நன்றாக வரும் என்பதும் தவறு. ஓர் அளவுக்கு மேல் இழுவை கூடினால் சுருள் குறைகிறது, ஏனென்றால் அப்போது உட்புறமும் சேர்ந்து நீண்டுவிடுகிறது. பெட்டியை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டாலும் சுருள் தளரும்.

நாடா என்ற சொல்லைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கிறேன். பாவாடை நாடா, விளக்கு நாடா, ஒலிநாடா என்று நீளமான எதற்கும் அதைச் சொல்கிறோம். நெசவாளிக்கோ நாடா என்றால் ஊடை நூலைச் சுமந்து போய்வரும் கருவி. நல்ல ரிப்பன் அந்த நாடா ஓடி ஓடி இரு பக்கமும் கரை கட்டி நெய்தது. மலிவு ரிப்பனோ அகலத் துணியைச் சூடான கத்தியால் பட்டை பட்டையாக அறுத்தது. விரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள். நூல் பிரிந்தால் அறுத்த ரகம்.

நுனி பிரியாமலிருக்க மெழுகுவத்திச் சுடருக்கு அருகே ஒரு நொடி காட்டுவார்கள். பாலியெஸ்டர் எழுபது, எண்பது டிகிரியில் இளகத் தொடங்கி, 260 டிகிரி வாக்கில் உருகும் பிளாஸ்டிக் என்பதால் இது நடக்கிறது. பருத்தியை இப்படிக் காட்டினால் பற்றிக்கொள்ளும். அதைச் சாய்வாகவோ கவட்டை போலவோ வெட்டினாலே போதும். எது எந்தத் துணி என்று சந்தேகமா? ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாசனை, மெத்தென்ற சாம்பல் என்றால் பருத்தி அல்லது விஸ்கோஸ் என்னும் ரேயான். மயிர் கருகும் நாற்றம் என்றால் பட்டு. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியெஸ்டர்.

சென்னைக்கு இதில் ஒரு தனிக் கணக்கும் உண்டு, அது ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போதே நூறு கிராம் உலர்ந்த பருத்தி ஏறத்தாழ எட்டு கிராம் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சணல் பதின்மூன்று கிராமுக்கும் மேல். பாலியெஸ்டர் அரை கிராம்கூட இல்லை. ஐப்பசி மழையில் அடையாறு வீட்டு வாசலில் தோரணம் கட்டுகிறீர்களென்றால் பாலியெஸ்டர்தான் வடிவம் மாறாமல் நிற்கும். ஈரப் பூச்செண்டைச் சுற்றுவதற்கு விஸ்கோஸ் ரிப்பன் வேண்டாம். நனைந்தால் அதன் வலிமை பாதியாகிவிடும், மட்டமான சாயமானால் கறையும் இறங்கும். பருத்தி நேர்மாறு, நனைந்தால் இன்னும் வலுவாகும்.

ஆனால் இந்த ஈரத்தையே வேலைக்காரனாக்கிக்கொண்ட ரிப்பன் ஒன்று கபாலீசுவரர் கோயில் வாசலில் தினமும் பயன்படுகிறது. பூக்காரம்மாவின் மடியில் இருக்கும் வாழைநார்தான் அது. காய்ந்த நார் விறைத்து ஒடியும். தண்ணீரில் ஊறப் போட்டால், நாரிலுள்ள இழைகளுக்கு இடையே நீர் புகுந்து அவற்றின் பிணைப்பைத் தளர்த்துகிறது. நார் துணிபோல வளைகிறது. பூங்காம்பைச் சுற்றிக் கட்டியபின் நீர் வெளியேறப் பிணைப்பு மறுபடி இறுகி, முடிச்சு அந்த வடிவத்திலேயே உறைகிறது. பாலியெஸ்டருக்கு வெப்பம் செய்வதை வாழைநாருக்குத் தண்ணீர் செய்கிறது. இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் 1941-இல் பாலியெஸ்டருக்குக் காப்புரிமை கோருவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே இந்த நுட்பம் நம் கைகளில் இருந்தது. மாலையின் பூ வாடிக் குப்பைக்குப் போகும்போது நாரும் அதோடு மக்கிவிடும்.

பாலியெஸ்டர் அப்படி மக்காது. இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ் ஆகியவற்றின் மேல் சுற்றும் பிளாஸ்டிக் தாளுக்கு மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் தடை விதித்திருக்கிறது. அதே பெட்டியைச் சுற்றிய பிளாஸ்டிக் ரிப்பன் அந்தப் பட்டியலில் இல்லை. நீளமாக, மெல்லியதாக, எதிலும் சிக்கிக்கொள்ளும் பொருள் அது. தென்சென்னையின் குப்பை சேரும் பெருங்குடி மேடு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டியே இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் பெசன்ட் நகர்–நீலாங்கரைக் கடற்கரையும் தொலைவில் இல்லை. ஒரு மாலை நேர அலங்காரத்துக்குப் பிளாஸ்டிக் சுருள் வேண்டாம் என்பதே என் முடிவு. காட்டியே ஆக வேண்டுமானால், திரும்பத் திரும்பப் பயன்படும் நல்ல நெசவு சாட்டினை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

இந்த ஆண்டு எங்கள் பைகளை முக்கால் அங்குலப் பருத்தி நாடாவால் கட்டப்போகிறோம். தாம்பூலம் வாங்கிச் செல்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முடிச்சைக் கத்தரிக்காதீர்கள். கண்ணியின் நுனியை இழுத்தால் அவிழும். சுருட்டி வைத்துக்கொண்டால் அடுத்த நவராத்திரிக்கு உங்கள் வீட்டுப் பையைக் கட்டலாம்.