தோலுக்கடியில் உருளும் கட்டி: எப்போது கவனிக்க வேண்டும்?

நம் வணிகர்களில் பலருக்குக் கழுத்தின் பின்புறத்திலோ, முதுகிலோ, தலையிலோ பட்டாணி அளவில் ஒரு கட்டி இருக்கும். வலி இராது, ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். சிலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. சிலரோ புற்றுநோயாக இருக்குமோ என்று தூக்கமின்றித் தவிப்பர். அது என்னவென்று தெரிந்துகொண்டால் இந்த அலட்சியமும் வேண்டாம், அச்சமும் வேண்டாம்.

கட்டி எப்படி உண்டாகிறது?

உதிர வேண்டிய தோல் அணுக்கள் வெளியேற வழியின்றி, மயிர்க்காலை ஒட்டி ஒரு பையாகச் சேர்ந்துவிடுவதே இது. மருத்துவர்கள் 'எபிடெர்மாய்டு சிஸ்ட்' என்பார்கள். உள்ளே பாலாடைக்கட்டி போன்ற, நாற்றமுள்ள பொருள் இருக்கும். முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்ற புரதமே அது. கட்டியின் நடுவில் சிறு கரும்புள்ளி தெரிந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். தலையில் வரும் கட்டிகள் சில குடும்பங்களில் பரம்பரையாகவே வருவதுண்டு.

கொழுப்புக் கட்டி வேறு. அது மெத்தென்று இருக்கும், விரலால் அழுத்தினால் நழுவும், கரும்புள்ளி இராது. தோள், முதுகு, கைகளில் அதிகம் காணப்படும். இவ்விரண்டுமே பெரும்பாலும் தீங்கற்றவை. தொந்தரவு இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம்.

பிதுக்காதீர்கள்!

பலர் செய்யும் தவறு இதுதான். பிதுக்கினால் பை தோலுக்கடியிலேயே உடைந்து, அந்த இடம் சிவந்து வீங்கும், சீழ் பிடிக்கும். சூடு போடுவது, சுண்ணாம்பு தடவுவது ஆகியவையும் தோலைப் புண்ணாக்குமே தவிர, பையைக் கரைக்கா. தோளிலும் பிடரியிலும் மூட்டை சுமக்கும் தொழிலாளர்களுக்கு அங்கே கட்டி இருந்தால், உராய்வினாலேயே அது புண்ணாகலாம். அவர்களை மருத்துவரிடம் அனுப்புவது முதலாளிகளின் கடமை.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சீழ் பிடித்த சிறு கட்டியும் அவர்களுக்கு விரைவில் பெரும்புண்ணாக மாறக்கூடும்.

சிகிச்சை என்ன?

இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜின் தலையில் இருந்த இத்தகைய கட்டியை அகற்றியவர் ஆஸ்ட்லி கூப்பர் என்ற அறுவை மருத்துவர். 1821-இல் அவருக்குப் பாரனெட் பட்டம் கிடைத்தது. மயக்க மருந்து இல்லாத காலம் அது. மன்னராயினும் வலியைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இன்று அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் ஊசி போட்டு, சிறிது நேரத்தில் அகற்றி, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அரசு மருத்துவமனைகளின் அறுவைப் பிரிவிலும் இச்சிகிச்சை உண்டு.

முக்கியமானது, பை முழுவதும் வெளியே வர வேண்டும். சரக்கைக் கொட்டிவிட்டுச் சாக்கை அங்கேயே விட்டால் மறுபடியும் நிரம்பும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். சீழ் பிடித்திருந்தால் முதலில் சீழை வெளியேற்றி, வீக்கம் வற்றிச் சில வாரங்கள் சென்ற பிறகே பையை எடுப்பார்கள். எனவே சீழ் பிடிக்கும் முன்பே செல்வது நல்லது.

சர்க்கரை நோய் இருந்தாலோ, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னால், செலவு என்று பார்த்து மறுக்காதீர்கள். முதுகில் தையல் போட்டிருந்தால் பிரிப்பதற்குப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகலாம். அதுவரை மூட்டை தூக்குவது கூடாது.

உடனே செல்ல வேண்டிய அறிகுறிகள்

• கட்டி வேகமாக வளர்தல்
• கல்போல் கெட்டியாகி, நகராமல் ஒட்டிக்கொண்டிருத்தல்
• ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக இருத்தல்
• வலி, புண், இரத்தக் கசிவு
• மார்பகம், அக்குள், தொடை இடுக்கில் கட்டி
• கழுத்துக் கட்டியுடன் மாலைக் காய்ச்சல், எடை குறைவு. இது காசநோயாகவும் இருக்கலாம்
• குழந்தையின் மூக்குத் தண்டின் மேல் கட்டி. ஸ்கேன் எடுக்காமல் இதில் கத்தி வைக்கக் கூடாது

கடையைப் பூட்டிவிட்டுப் போக நேரமில்லை என்பதே நம்மவர்கள் சொல்லும் காரணம். சிறு கட்டிக்கு ஒரு நாள் போதும். அதுவே சீழ் பிடித்துவிட்டால், புண் ஆறும் வரை பல நாட்கள் அலைய வேண்டிவரும். எது லாபம் என்பதைக் கணக்குப் பார்க்க வணிகர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.