பக்கத்து அறை யாருக்கு?

கல்லூரி திறக்கும் நாட்களில் அஞ்சுகிராமம் சந்திப்பில் பெட்டி படுக்கைகளோடு இரண்டு கூட்டங்களைப் பார்க்கலாம். பால்குளத்து ரோகிணி பொறியியல் கல்லூரிக்கும், குமரி மாவட்ட எல்லையைத் தாண்டினால் லெவிஞ்சிபுரத்தில் இருக்கும் கேப் தொழில்நுட்பக் கல்லூரிக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளோ நாகர்கோவிலுக்குப் போய்ச் சென்னைக்கும் கோவைக்கும் ரயில் ஏறுகிறார்கள். பெட்டியில் துணிமணிக்கு மேல் முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் சிப்ஸும் கட்டாயம் இருக்கும். விடுதியில் முதல் பேச்சு பெரும்பாலும் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான் தொடங்குகிறது.

பதினேழு, பதினெட்டு வயது வரை இவர்களில் பலர் வீட்டை விட்டு ஒரு மாதம்கூடச் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை. முதல் இரவு உறக்கம் வராது. குமரி மாவட்டத்துப் பிள்ளை வாயைத் திறந்தால் “நீ மலையாளியா?” என்று கேட்பார்கள். குளியலறை வரிசையும் மெஸ் சாம்பாரும் பழக வேண்டும். இத்தனைக்கும் நடுவில், “யாரோடு பழகுவது, என்னோடு யார் பழகுவார்கள்?” என்ற கவலை பிள்ளையின் மனதை அரித்துக்கொண்டே இருக்கும்.

மனம் ஒத்தவர்களைத் தேடிப் பிடித்துத்தான் நாம் நட்புக் கொள்கிறோம் என்று எல்லோரும் நம்புகிறோம். உண்மை அவ்வளவு எளிதல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படிக்க வந்த முன்னாள் படைவீரர்களுக்கு வெஸ்ட்கேட் என்ற குடியிருப்பு கட்டப்பட்டது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். யாருக்கு எந்த வீடு என்பதில் அவர்களுக்குப் பெரிதாகத் தேர்வும் இல்லை. லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் அங்கே போய், “நீங்கள் அதிகம் பழகுவது யாரோடு?” என்று வீடு வீடாகக் கேட்டார்கள். அந்த ஆய்வு 1950இல் நூலாக வந்தது. ஒரே தளத்தில் அடுத்தடுத்த கதவுகளில் இருந்தவர்களில் 41 விழுக்காட்டினர் ஒருவரை ஒருவர் நண்பராகச் சொன்னார்கள். தளத்தின் இரு கோடிகளில் இருந்தவர்களிடையே அது 10 விழுக்காடுதான். அந்தத் தளத்தில் இருந்ததோ மொத்தம் ஐந்தே வீடுகள். நான்கு கதவு தூரம் நட்பை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது! மாடிப்படி அருகே குடியிருந்த கீழ்த்தளத்துக்காரர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் கிடைத்தார்கள். ஏறி இறங்கும் எல்லோரும் அவர்கள் வாசலைக் கடந்துதான் போக வேண்டும் அல்லவா?

இதை இன்னும் துல்லியமாகக் காட்டியவர் ஆய்வாளர் மேடி சீகல். மேரிலாந்து மாநிலக் காவலர் பயிற்சிப் பள்ளியில் அறையும் வகுப்பு இருக்கையும் குடும்பப் பெயரின் அகர வரிசைப்படி ஒதுக்கப்பட்டிருந்தன. பயிற்சிக் காவலர்களிடம் நெருங்கிய நண்பர்களின் பெயரைக் கேட்டபோது, வரிசையில் தங்களுக்கு முன்னும் பின்னும் இருந்தவர்களையே பெரும்பாலும் சொன்னார்கள். வயதும் மதமும் ஒத்திருப்பதைவிட, பெயரின் முதல் எழுத்துகள் அருகருகே இருந்ததே நட்பை நன்றாகக் கணித்தது. சீகல் இதை 1974இல் வெளியிட்டார்.

அப்படியானால் முதலாமாண்டு விடுதியின் அறைப் பட்டியல் சாதாரணக் காகிதம் அல்ல. யாருக்கு யார் நண்பர் என்பதைப் பெருமளவு அதுவே எழுதிவிடுகிறது.

தென் மாவட்டங்களில் இதற்குக் கூடுதல் கனம் உண்டு. அஞ்சுகிராமத்திலிருந்து வள்ளியூர், நாங்குநேரி வழியாக வடக்கே போனால் சேரன்மகாதேவி. 1920களில் வ.வே.சு. ஐயர் அங்கே நடத்திய குருகுலத்தில், சில பிராமண மாணவர்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது வெளியே தெரிந்து தமிழகமே கொதித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். விவகாரம் காந்தியடிகள் வரை போனது. ஒரு விடுதிப் பந்தியில் யார் அருகில் யார் உட்காருவது என்ற கேள்வி ஒரு மாநிலத்தின் அரசியலையே அசைத்த வரலாறு அது.

அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சாதியின் பெயரால் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களில் உடன் படித்தவர்களும் இருந்தார்கள். அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் வண்ணக் கயிறு கூடாது என்ற பரிந்துரை பரபரப்பாகப் பேசப்பட்டது. வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்ற பரிந்துரை அதே அளவு பேசப்பட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டிக்கொண்டிருப்பது அரிது. தகப்பனார் பெயரின் முதல் எழுத்துதான் முன்னால் நிற்கும். ஆகவே இங்கே அகர வரிசை போட்டாலே ஊரும் சாதியும் மதமும் கலந்துவிடும். வடமாநிலங்களில் குடும்பப் பெயர் வரிசை இதைச் செய்யாது. இப்படி ஒரு வசதி கையில் இருந்தும் விடுதிகளில் நாம் அதைப் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை.

கலந்து தங்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் சான்று உண்டு. கேப்டவுன் பல்கலைக்கழக விடுதிகளில் எந்த விருப்பமும் கேட்காமல் அறை ஒதுக்கப்பட்ட மாணவர்களைக் கோர்னோ, லா ஃபெராரா, பர்ன்ஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். கறுப்பின மாணவரோடு ஓர் அறையில் இருந்த வெள்ளை மாணவர்களிடம் தப்பெண்ணம் குறைந்திருந்தது. வேற்றினத்தவரோடு தங்கிய கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் கூடின. ஆய்வு 2022இல் வெளிவந்தது.

ஆனால் பக்கத்து அறை மட்டும் போதாது, நேரமும் வேண்டும். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் கணக்கிட்டபடி, அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகும். வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்திருந்த நேரத்துக்கு இதில் மதிப்புக் குறைவு. ஓய்வாகச் சேர்ந்து கழித்த நேரத்துக்கே மதிப்பு அதிகம். மெஸ்ஸுக்குச் சேர்ந்து போவது, துணி காயப்போடும் கொடியருகே நிற்பது, இரவு வராந்தாவில் அரட்டை என நாளுக்கு இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டாலும், முதல் 50 மணி நேரம் ஒரு மாதத்துக்குள் நிறைந்துவிடும். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சுவர் பார்த்துப் படுத்திருக்கும் பிள்ளைக்கு ஒரு செமஸ்டரே போனாலும் நிறையாது. முதல் மாதத்தில் எல்லோருமே அந்நியர்கள் என்பதால் யார் போய்ப் பேசினாலும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குழுக்கள் அமைந்த பிறகு உள்ளே நுழைவது கடினம். ஆகவே கதவைத் திறந்து வைப்பதும், வாளியோ அயர்ன் பாக்ஸோ இரவல் கேட்பதும் வெறும் சில்லறை விஷயங்கள் அல்ல.

பழகுவதைப் பற்றிப் பேசும்போது ராகிங்கைச் சொல்லாமல் விட முடியாது. அறிமுகம் என்ற பெயரில்தான் அது நுழைகிறது. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டார். அதன் விளைவாக 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள், முதலாமாண்டு மாணவர்களை இயன்றவரை தனிக் கட்டடத்தில் தங்கவைக்கவும், சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவையும் ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்கவும் சொல்கின்றன. சேரும்போதே உங்கள் பிள்ளையின் குழு ஆசிரியர் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொல்லை நேர்ந்தால் 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. சேர்க்கை நாளன்று வார்டனைத் தனியே அழைத்து, “நம்ம பக்கத்துப் பையனோட ரூம் போட்டுக் குடுங்க சார்” என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அன்பினால்தான் கேட்கிறார்கள். சில சமயம் ‘நம்ம பக்கம்’ என்பது ஊரை மட்டும் குறிப்பதில்லை என்பதும் கேட்பவருக்கும் வார்டனுக்கும் தெரியும். அந்தக் கோரிக்கையை இந்த ஆண்டு வைக்காதீர்கள். வார்டன்களே, வைத்தாலும் ஏற்காதீர்கள். அகர வரிசைப்படி பட்டியலைப் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.